ட்யூப் ஆம்ப்ல ஜாக் மாத்துறதுக்கு முன்னாடி பழைய ஜாக் என்னென்ன வேலை பாத்துச்சுன்னு பாருங்க

என்னோட ட்யூப் ஆம்ப்ல (வால்வு ட்யூப் வச்சு கிட்டார் சத்தத்தைப் பெருசாக்குற பெட்டி) இன்புட் ஜாக், அதாவது கிட்டார் கேபிளோட பிளக்கைச் சொருகுற எடம், ரொம்ப நாளாவே தகராறு. வாசிச்சிட்டு இருக்கும்போதே சத்தம் அமுங்கிப் போயிடும், பிளக்கைக் கொஞ்சம் மேல தூக்கிப் புடிச்சா திரும்ப வரும், கால் பட்டு கேபிள் ஆடுனா கரகரன்னு ஒரு சத்தம். இதெல்லாம் வயசான எந்த ஆம்ப்லயும் வர்றதுதான், நானும் அப்படியே ஓட்டிட்டு இருந்தேன். ஆனா கூடவே இன்னும் ரெண்டு விஷயம் இருந்துச்சு. பிளக்கை உருவிட்டா ஆம்ப் கம்முனு இருக்கணும்ல, இது இருக்காது, ஸ்ஸ்ஸ்னும் ர்ர்ர்னும் கலந்து இரைஞ்சிட்டே இருக்கும். அப்புறம் ஹை, லோன்னு ரெண்டு இன்புட் இருக்கு, லோல சொருகுனா சத்தம் நல்லா குறையணும், ஆனா ரெண்டுலயும் ஒரே அளவுலதான் வந்துச்சு. மூணும் தனித்தனி கோளாறு மாதிரி தெரியும், கடைசில மூணுக்கும் காரணம் ஹை இன்புட்ல இருந்த ஒரே ஒரு ஜாக்.

ஆம்ப்பைத் தொறக்குறதுக்கு முன்னாடி வெளியிலயே பாக்க வேண்டியது நெறைய இருக்கு. முதல்ல கேபிளை மாத்திப் பாருங்க, நல்லா இருக்குன்னு உறுதியா தெரிஞ்ச கேபிளா இருக்கணும். அப்புறம் வேற கிட்டார். கிட்டார்ல இருக்குற ஜாக்குக்கும் இதே வியாதிதான் வரும், அதோட நட்டு லூஸாகி உள்ள மொத்தமா சுத்தி ஒயர் அறுந்துக்கும். அதுவும் இல்லன்னா பிரீஆம்ப் ட்யூபை (சிக்னலை முதல்ல பெருசாக்குற சின்ன ட்யூப்) ஒரு பென்சிலால லேசா தட்டிப் பாருங்க (வாசிக்கிற நெலமையில, வெளியிலேர்ந்து கை போற ஆம்ப்ல மட்டும்). தட்டும்போது கரகரன்னா ட்யூபோ அதோட சாக்கெட்டோதான் காரணம், பிளக்கை ஆட்டும்போது மட்டும் கரகரன்னா ஜாக். இந்த வித்தியாசத்தைப் பாக்காமலே ஜாக்கை வாங்கி மாத்திட்டு அப்புறமும் அதே கரகரப்பு வருதேன்னு முழிக்கிறவங்க நெறைய பேரு.

அடுத்தது எனக்கு ரொம்பப் புடிச்ச டெஸ்ட், ஆம்ப்போட மூடியைத் தொறக்கவே வேணாம், கரண்டும் வேணாம். ஆம்ப்பை ஆஃப் பண்ணி மெயின் பிளக்கைச் செவுத்துலேர்ந்து உருவிடுங்க. கிட்டார் கேபிளோட ஒரு முனையை ஆம்ப் இன்புட்ல சொருகுங்க, இன்னொரு முனையில நுனிக்கும் தண்டுக்கும் நடுவுல மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வச்சு அளந்து பாருங்க. ஃபெண்டர் கம்பெனி ஆம்ப் பாணியில ரெண்டு இன்புட் சர்க்யூட்டா இருந்தா ஹை இன்புட்ல கிட்டத்தட்ட 1 மெக் ஓம் காட்டும், லோ இன்புட்ல 136 கிலோ ஓம் காட்டும். வேற டிசைன்ல வேற மதிப்பு வரலாம், உங்க ஆம்ப்போட சர்க்யூட் படத்தைப் பாத்துக்கோங்க, ஆனா ஹை இன்புட்ல 1 மெக்ங்கிறது பெரும்பாலான கிட்டார் ஆம்ப்ல இருக்குற மதிப்பு. இப்போ மீட்டரைப் பாத்துக்கிட்டே ஆம்ப் பக்கம் பிளக்கை ஆட்டுங்க. ரெண்டு இன்புட்லயும் மதிப்பு சரியா இருந்து, ரீடிங்கும் ஆடாம நின்னா ஜாக்கை சந்தேகப்பட வேணாம். என்னோடதுல ஆட்ட ஆட்ட 1 மெக்குக்கும் தொடர்பே இல்லைங்கிறதுக்கும் நடுவுல தாவிட்டு இருந்துச்சு. லோ இன்புட்ல 136 கிலோவுக்குப் பதிலா 1.13 மெக் காட்டுச்சு பாருங்க, அந்த நம்பர்தான் முழுக் கதையையும் சொல்லிடுச்சு.

ஏன்னு சொல்றேன். இந்த கால் இன்ச் ஜாக், அதாவது 6.35 மில்லிமீட்டர், 19ஆம் நூற்றாண்டுல டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போர்டுக்காக வந்த சாமான், ஆபரேட்டருங்க நாள் முழுக்கச் சொருகி உருவி லைன் மாத்துனதெல்லாம் இதுலதான். அப்போலேர்ந்தே இது வெறும் ஓட்டை கிடையாது, உள்ள ஒரு சுவிட்சும் வச்சுக்கலாம். பிளக்கோட நுனியைத் தொடுற ஸ்பிரிங் தகடு ஒண்ணு இருக்கும், பிளக் இல்லாதப்போ அந்தத் தகடு போயி இன்னொரு சின்னத் தகட்டு மேல உக்காந்துக்கும். பிளக் உள்ள போனதும் தகடு தூக்கிக்கும், தொடர்பு விட்டுப் போயிடும். இன்புட் ஜாக்ல அந்தச் சின்னத் தகட்டை கிரவுண்டோட (சர்க்யூட்டோட பூஜ்ய வோல்ட் பக்கம்) சேத்து வச்சிருப்பாங்க. அதனால பிளக் இல்லாதப்போ ஆம்ப்போட இன்புட் கிரவுண்டாகி அமைதியா இருக்கும். என்னோடதுல அந்தத் தகட்டு மேல களிம்பு ஏறி தொடவே இல்ல, அதான் பிளக்கை உருவுனா இரைச்சல்.

லோ இன்புட் விஷயமும் அதே தகடுதான். அந்த சர்க்யூட்ல ரெண்டு 68 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும். லோல சொருகும்போது சிக்னல் ஒரு 68 கிலோ வழியா முதல் ட்யூபுக்குப் போகும், இன்னொரு 68 கிலோ காலியா இருக்குற ஹை ஜாக்கோட சுவிட்ச் வழியா கிரவுண்டுக்குப் போகும், ரெண்டும் சமமா பங்கு போட்டுக்குறதால சிக்னல் பாதியாகும், 6 டெசிபெல் குறையும். ஹை ஜாக்கோட சுவிட்ச் தொடலைன்னா அந்த கிரவுண்டு பாதை இல்ல, அதுக்குப் பதிலா 1 மெக் வழியா சுத்திப் போகணும், அதான் மீட்டர்ல 68 கூட்டல் 68 கிலோ கூட்டல் 1 மெக், 1.136. சத்தமும் குறையாது. ஆக லோ இன்புட்ல தெரிஞ்ச கோளாறுக்கு ஹை இன்புட்ல மருந்து. ஜாக்கை வெறும் இணைப்பா மட்டும் நெனச்சுப் பாத்தா இது சத்தியமா புரியாது.

சரி, தொறக்கலாம். ஆனா இங்கதான் கொஞ்சம் நிதானம் வேணும், ஏன்னா ட்யூப் ஆம்ப்ங்கிறது மத்த எலக்ட்ரானிக்ஸ் மாதிரி மன்னிக்காது. உள்ள கரண்டைத் தேக்கி வச்சுக்குற ஃபில்டர் கெப்பாசிட்டர்ல 300லேர்ந்து 500 வோல்ட் வரைக்கும் டிசி நிக்கும், மெயின் பிளக்கை உருவிட்ட பின்னாடியும் நிக்கும். சில ஆம்ப்ல அதை வடிக்கிறதுக்குன்னே ரெசிஸ்டர் வச்சிருப்பாங்க, சிலதுல இருக்காது, இருந்தாலும் அது அறுந்து போயிருக்கலாம், அதனால "ஆஃப் பண்ணி ரொம்ப நேரம் ஆச்சே"ங்கிறத நம்பி கையை விடாதீங்க. ஆஃப் பண்ணும்போது ஸ்டாண்ட்பை சுவிட்சை வாசிக்கிற பக்கமே விட்டுட்டு மெயினை ஆஃப் பண்ணுங்க, ட்யூப் இன்னும் சூடா இருக்குறதால மிச்ச கரண்டுல பெரும்பகுதியை அதுவே இழுத்துக் குடிச்சிடும். ஸ்டாண்ட்பைல போட்டு ஆஃப் பண்ணா பல ஆம்ப்ல சுவிட்சுக்கு முன்னாடி இருக்குற கெப்பாசிட்டர் அப்படியே நெறஞ்சு நிக்கும்.

அப்புறம் வடிக்கிறது. நான் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணை ரெண்டு முதலைக் கிளிப் ஒயருக்கு நடுவுல சோல்டர் பண்ணி மேல ஸ்லீவ் போட்டு வச்சிருக்கேன். ஒரு கிளிப்பை முதல்ல சேசிஸ்ல (ஆம்ப்போட உலோகக் கூடு) மாட்டணும், இன்னொண்ணை ஒரு கையால, இன்னொரு கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு, கெப்பாசிட்டரோட பிளஸ் காலுல மாட்டணும். ரெண்டு கையும் உள்ள இருந்தா ஷாக் நெஞ்சு வழியா போகும், அதுக்குத்தான் இந்த ஒத்தக் கை வழக்கம். கொஞ்ச நேரம் விட்டு மீட்டரை டிசி வோல்ட்ல வச்சு அளந்து பாத்து சில வோல்ட்டுக்குக் கீழ வந்ததும் அடுத்த கெப்பாசிட்டர். எல்லாத்தையும் தனித்தனியா அளந்துடுங்க. பெரிய கெப்பாசிட்டர் வடிச்ச பின்னாடியும் கொஞ்சம் வோல்ட்டேஜை தானா மேல கொண்டு வரும், அது இயல்பு, அதனால வேலை முடியிற வரைக்கும் கிளிப்பை எடுக்காம விட்டுடுறது நல்லது. திரும்ப ஆன் பண்றதுக்கு முன்னாடி எடுக்கணும், அதுக்கு நான் ஆம்ப்போட பவர் கார்டை அந்த கிளிப் ஒயர் மேலயே சுத்தி வச்சிடுவேன், கார்டை எடுக்கணும்னா கிளிப்பைப் பாத்துத்தான் ஆகணும்.

ஸ்க்ரூ டிரைவரை வச்சு ஷார்ட் பண்ற வேலை வேணாம். படார்னு வெடிச்சு தீப்பொறி பறக்கும், டிரைவர் நுனி உருகும், கெப்பாசிட்டருக்கும் கேடு. வீடியோல பண்றாங்கன்னு பண்ணாதீங்க. சோல்டரிங்கே இதுவரைக்கும் பண்ணதில்லன்னா முதல் வேலையா ட்யூப் ஆம்ப்பை எடுக்காதீங்க, ரெண்டு மூணு கேபிள், ஒரு பெடல்னு கை பழகிட்டு வாங்க, இல்லன்னா தெரிஞ்ச டெக்னீஷியன்கிட்ட குடுத்துடுங்க, இதுல மானப் பிரச்சினை ஒண்ணும் இல்ல.

உள்ள போனதும் முதல்ல போட்டோ. எல்லாப் பக்கத்துலேர்ந்தும். எந்த ஒயர் எந்தக் காலுல, வாஷர் எந்த வரிசையில, எல்லாம். ஜாக் ரெண்டு வகையா இருக்கும். ஒண்ணு சேசிஸ்ல நட்டு போட்டு முடுக்குற தெறந்த உலோக ஜாக், ஸ்விட்ச்கிராஃப்ட் கம்பெனியில 11, 12ஏன்னு நம்பர் சொல்லி வாங்குவாங்க, 11ல சுவிட்ச் இல்ல, 12ஏல சுவிட்ச் இருக்கு, ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஒரு தகடு கூட இருக்கும் அவ்வளவுதான். இன்னொண்ணு போர்டுல நேரா சோல்டர் பண்ற பிளாஸ்டிக் பாடி ஜாக், கிளிஃப் வகைன்னு சொல்லுவாங்க. என்னோடது ரெண்டாவது வகை.

உலோக ஜாக்கா இருந்தா பழசையே காப்பாத்திடலாம், பாதிக்கு மேல அப்படித்தான். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலோ கான்டாக்ட் கிளீனரோ நனைச்ச கெட்டிக் காகிதத்தை ரெண்டு தகட்டுக்கு நடுவுல விட்டு இழுத்தா களிம்பு கறுப்பா வரும், அப்புறம் ஸ்பிரிங் தகட்டை மூக்குப் பிளேயரால பதமா ஒரு வளைப்பு. எமரி பேப்பர் போடாதீங்க, மேல் பூச்சு போயிட்டா அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் களிம்பு ஏறும். துரு எடுக்குற எண்ணெய் ஸ்பிரேயும் வேணாம், காஞ்ச பின்னாடி பிசுபிசுன்னு தூசியைப் புடிச்சு வச்சுக்கும். மூடுன பிளாஸ்டிக் ஜாக்ல உள்ள போய் வளைக்க வழியில்ல, கிளீனர் விட்டுப் பிளக்கைப் பல தடவை சொருகி உருவிப் பாக்கலாம், சரியாகலைன்னா மாத்திட வேண்டியதுதான். எனக்குச் சரியாகல.

புது ஜாக் வாங்கும்போது "கால் இன்ச் மோனோ ஜாக்"னு மட்டும் கேட்டு வாங்கிட்டு வந்துடாதீங்க. போர்டுல எத்தனை கால், கால்களுக்கு நடுவுல எவ்வளவு இடைவெளி, போர்டுலேர்ந்து ஓட்டை நடு வரைக்கும் எவ்வளவு உயரம், மரை எவ்வளவு நீளம் (முன்பக்கத் தகடு தடியா இருந்தா குட்டை மரைல நட்டு புடிக்காது), சுவிட்ச் எந்தக் கால்ல, இதெல்லாம் ஒத்துப் போகணும். எல்லாத்தையும் விட முக்கியமானது மூக்கு, அதாவது பிளக் நுழையிற அந்த மரை போட்ட முன்பக்கம், உலோகமா பிளாஸ்டிக்கா. ஏன்னா உலோக மூக்கு இருந்தா பிளக்கோட தண்டு நேரா சேசிஸைத் தொட்டுடும். சில ஆம்ப்ல டிசைன் பண்ணவரு அதைத்தான் நம்பியிருப்பாரு, ஜாக்கோட நட்டுதான் இன்புட்டோட கிரவுண்டே, அங்க பிளாஸ்டிக் ஜாக்கைப் போட்டா கிரவுண்டே இல்லாம உம்முனு ஹம் அடிக்கும். சில ஆம்ப்ல கிரவுண்டு போர்டு வழியா போயி வேற ஒரு இடத்துல சேசிஸோட சேரும், அங்க உலோக மூக்கு ஜாக்கைப் போட்டா கிரவுண்டு ரெண்டு இடத்துல சேந்து லூப் ஆயிடும், அதுவும் ஹம்தான். மாத்துன பின்னாடி "முன்னாடி இல்லாத ஹம் இப்போ வருதே"ன்னா நான் முதல்ல கேக்குற கேள்வி இதுதான். நல்ல உலோக ஜாக்குதான் வேணும்னு ஆசைப்பட்டா சேசிஸ்ல ஃபைபர் வாஷர் போட்டு விலக்கி மாட்டி குட்டை ஒயர்ல போர்டுக்கு இழுத்துக்கலாம், நல்லா உழைக்கும், ஆனா ஒயர் நீளம் கம்மியா இருக்கணும், முதல் ட்யூபுக்கு முன்னாடி இருக்குற ஒயர்ல புகுற ஒவ்வொரு இரைச்சலும் ஆம்ப் முழுக்கப் பெருசாகித்தான் வெளிய வரும்.

இப்போ பழசை எடுக்குறது. போர்டு ஜாக்ல நாலு கால் இருக்கும், நாலும் ஒரே நேரத்துல விடணும், விடலைன்னு ஆட்டி இழுத்தா போர்டுல இருக்குற செம்புத் தடம் பேந்துக்கிட்டு வந்துடும், அதுக்கப்புறம் அந்த ரிப்பேர் வேற ரிப்பேர். நான் பண்றது என்னன்னா எப்படியும் தூக்கிப் போடப் போற ஜாக்தானே, கட்டிங் பிளேயரால பிளாஸ்டிக்கைத் துண்டு துண்டா நறுக்கிடுவேன், போர்டு மேல பாரம் விழாம பாத்துக்கிட்டு. காலுங்க தனித்தனியா நிக்கும், ஒவ்வொண்ணா சூடு காட்டி இடுக்கியால உருவுனா வெண்ணெய்ல முடி மாதிரி வரும். ஜாக் செத்தாலும் பரவால்ல, போர்டு சாகக் கூடாது. ஓட்டையில மிஞ்சுற ஈயத்தை (சோல்டர்) எடுக்க முதல்ல கொஞ்சம் புது ஈயம் வைங்க. கேக்க விநோதமா இருக்கும், எடுக்கப் போற இடத்துல எதுக்கு வைக்கணும்னு. புதுசுல ஈயம் நல்லா ஓட உதவுற ஃப்ளக்ஸ் இருக்கு, அதோட பழசு காரீயம் இல்லாத வகையா இருந்தா அது உருக 217 டிகிரிக்கு மேல வேணும், 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம் கலந்த சோல்டர் 183லயே உருகும், ரெண்டும் கலந்தா சீக்கிரம் இளகி ஈயத்தை உறிஞ்சுற சக்கருக்கோ செம்பு ஜடைக்கோ லேசா வந்துடும். அயர்ன் 350 டிகிரி பக்கம் போதும், ஒரே இடத்துல ரொம்ப நேரம் அழுத்திட்டு நிக்கக் கூடாது.

பொருத்தும்போது வரிசை முக்கியம். முதல்ல ஜாக்கைப் போர்டுல சொருகுங்க, சோல்டர் பண்ணாதீங்க. போர்டை எடுத்து சேசிஸ்ல அதோட இடத்துல வச்சு, எல்லா ஜாக்கோட நட்டையும் போட்டு முடுக்கி, போர்டு ஸ்க்ரூவும் போட்டு எல்லாம் அதது இடத்துல உக்காந்த பின்னாடிதான் சோல்டர். சோல்டர் பண்ற பக்கம் அப்போ கை எட்டலைன்னா ரெண்டு காலுல மட்டும் துளி வச்சுப் புடிக்க வச்சு, கழட்டி மிச்சத்தை முடிச்சு, அந்த ரெண்டையும் திரும்பச் சூடு காட்டிடுங்க. முதல்லயே சோல்டர் பண்ணிட்டு நட்டு போட்டா ஜாக் அரை மில்லிமீட்டர் விலகி இருந்தாலும் முடுக்கும்போது அந்த இழுப்பு பூரா சோல்டர் மேலதான் நிக்கும், அப்புறம் ஒவ்வொரு தடவை பிளக் போடும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமா விரியும். பழைய ஜாக்கோட ஒரு காலைச் சுத்தி மோதிரம் மாதிரி வெடிப்பு இருந்துச்சு, முன்பக்க பிளாஸ்டிக் நட்டும் லூஸா கெடந்துச்சு, ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு தனியா சொல்ல வேண்டியதில்ல. பிளாஸ்டிக் நட்டை விரலால இறுக்கி ஸ்பேனரால ஒரு சின்னத் திருப்பு, அதுக்கு மேல போனா மரை போயிடும்.

மூடுறதுக்கு முன்னாடி திரும்ப அந்த கேபிள் டெஸ்ட். ஹைல 1 மெக், ஆட்டுனாலும் அசையல. லோல 136 கிலோ. பிளக் இல்லாம ஜாக்கோட நுனிக் காலுக்கும் சேசிஸுக்கும் பூஜ்யம். இந்த மூணும் சரின்னா ஜாக்கைப் பொறுத்தவரைக்கும் எல்லாம் சரி. ஆன் பண்றதுக்கு முன்னாடி ஸ்பீக்கரை மாட்டியாச்சான்னு பாத்துடுங்க, இது ட்யூப் ஆம்ப்ல கட்டாயம். ஸ்பீக்கர் இல்லாம வாசிச்சா அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்ல வோல்ட்டேஜ் எகிறி சுத்துக்குள்ளயே தீப்பொறி பாஞ்சு டிரான்ஸ்ஃபார்மர் போயிடும். முதல் ஆன் எப்பவுமே சீரியல் பல்பு (ஆம்ப்புக்குப் போற கரண்டு வழியில தொடரா மாட்டுன பல்பு) வழியாதான், 100 வாட் குண்டு பல்பு, எல்ஈடி இல்ல. பல்பு பளிச்சுன்னு எரிஞ்சு மங்குனா நல்லது, மங்காம நின்னா உடனே ஆஃப் பண்ணிட்டு எங்கயாவது ஈயத் துண்டு விழுந்து ஷார்ட் ஆயிருக்கான்னு தேடுங்க.

ஸ்பீக்கர்னு சொன்னதும் இன்னொண்ணு. பழைய ஃபெண்டர் ஆம்ப்கள்ல ஸ்பீக்கர் ஜாக்கும் சுவிட்ச் உள்ள 12ஏ வகைதான், பிளக் இல்லன்னா அவுட்புட்டை ஷார்ட் பண்ணிடும். பாத்தா பயமா இருக்கும், ஆனா ட்யூப் ஆம்ப் கொஞ்ச நேரம் ஷார்ட்டைத் தாங்கும், தெறந்து கெடக்குறதைத் தாங்காது, அதுக்காக வேணும்னே வச்ச பாதுகாப்பு அது. யாரோ ரிப்பேர் பண்றேன்னு அங்க சுவிட்ச் இல்லாத 11ஐ மாட்டி வச்சிருந்த ஆம்ப் ஒண்ணை நான் பாத்திருக்கேன். ஸ்பீக்கர் மாட்டி வாசிக்கும்போது ஒரு வித்தியாசமும் தெரியாது, சத்தமும் நல்லாவே வரும், என்னைக்காவது ஸ்பீக்கர் கேபிளை மறந்துட்டு ஆன் பண்ற அன்னைக்குத்தான் தெரியும்.

மூடி தொறந்திருக்கும்போதே பின்னாடி எஃபெக்ட்ஸ் லூப்பையும் (பெடலை நடுவுல மாட்டுறதுக்கான சென்ட், ரிட்டர்ன்னு ரெண்டு ஜாக்) பாத்துட்டேன். அதுல ரிட்டர்ன் ஜாக்குலயும் இதே மாதிரி சுவிட்ச்தான், பெடல் எதுவும் மாட்டலைன்னா சென்ட்லேர்ந்து வர்ற சிக்னல் அந்தச் சின்னத் தகடு வழியாத்தான் பவர் பக்கம் போகும். அங்க களிம்பு புடிச்சா ஆம்ப்போட மொத்த சத்தமும் குறையும், இல்ல விட்டு விட்டு வரும், எல்லாரும் ட்யூப் போச்சுன்னு நெனச்சு புது செட்டு ட்யூப் வாங்கிடுவாங்க. சென்ட்லேர்ந்து ரிட்டர்னுக்கு ஒரு குட்டை கேபிள் போட்டுப் பாருங்க, சத்தம் சட்டுன்னு பழையபடி வந்துடுச்சுன்னா ட்யூப் எதுவும் வாங்க வேணாம். என்னோடதுல அந்த ஜாக் இன்னும் போகல, கிளீனர் விட்டு பிளக்கைச் சொருகி உருவுனதுலயே சரியாயிடுச்சு, அதனால அதை அப்படியே விட்டுட்டேன்.